களுவாஞ்சிக்குடி பஸ்ஸுல இருந்து லண்டன் பிளேன் மட்டும்: கால் வீங்காம இருக்க கொம்பிரசன் மேஸ் அளந்து வாங்கிற முழு விபரம்

இரவு எட்டு மணிக்கு களுவாஞ்சிக்குடியில பஸ் ஏறி விடியக்காலம் கொழும்புல இறங்கக்குள்ள, ஏறக்குள்ள லேசாப் போட்ட செருப்பு காலுக்குள்ள போகுதில்ல, கரண்டைய, அதான் கணுக்காலச் சுத்தி வார் பதிஞ்ச தடம் பள்ளமாக் கிடக்கு, கால் ரெண்டும் மண் மூட்டை கட்டின மாதிரிப் பாரம். எங்கட பக்கத்து ஆக்களுக்கு இது புதுசில்ல. மட்டக்களப்பு, கல்முனை, அக்கரைப்பற்று, பொத்துவில், எங்க இருந்து வெளிக்கிட்டாலும் கொழும்புக்கு ஏழு எட்டு மணித்தியாலம், சில நேரம் அதவிடவும் கூட, அவ்வளவு நேரமும் முழங்கால மடக்கினபடி ஒரே இருப்புத்தான். வெளிநாடு போற ஆக்களுக்கு அதுக்குப் பிறகுதான் ஏர்போட், அங்க மூண்டு நாலு மணித்தியாலம், அதுக்கும் பிறகுதான் பிளேன்.

நான் பதினாறு வருசமா தையல் வேலை செய்றன். போன வருசம் அம்மாவ லண்டனுக்கு தம்பிட்ட அனுப்பினம், அவவுக்கு 68 வயசு, பிரசர் இருக்கு. அதுக்கு முதல் விசா வேலையா கொழும்புக்குப் போகக்குள்ள ஒரு பாமசியில கால் வீக்கத்துக்கு கொம்பிரசன் மேஸ், அதான் கால இறுக்கிப் பிடிக்கிற காலுறை, கேட்டன். கடையில நிண்டவர் அம்மாட உடம்ப ஒருக்காப் பாத்துட்டு பெரிய சைஸ் ஒண்ட எடுத்துத் தந்தார், தொடை மட்டும் நீளமானது. பஸ்ஸுல அம்மாவுக்கு அது வெக்கையா இருந்திச்சு, முழங்காலுக்குக் கீழ ரெண்டு மடிப்பா மடிச்சு விட்டுட்டுப் படுத்திட்டா. காலையில கழட்டிப் பாத்தா மடிப்பு இருந்த இடத்துல விரல் மொத்தத்துல ஒரு சிவத்த வளையம், அதுக்குக் கீழ முந்தினதவிட வீக்கம், முழங்காலுக்குப் பின்னால ஒரு கொப்புளம். ஒரு சட்டை தைக்கிறதுக்கே பத்து இடத்துல அளவெடுக்கிற நான் அம்மாட காலுக்கு ஒரு அளவும் எடுக்காம வாங்கிட்டன் என்டு அண்டைக்கு எனக்குச் சரியான கவலை. அதுக்குப் பிறகு கிளினிக்குல டொக்டர்ட்ட கேட்டு, பெட்டியில இருக்கிற எழுத்தெல்லாம் ஒண்டு விடாம வாசிச்சு, நானே அளந்து பாத்துப் படிச்சதத்தான் இங்க எழுதுறன்.

முதல் வேலை: இது பயண வீக்கமா, வருத்தத்துல வாற வீக்கமா?

மேஸ் வாங்க முதல் இதப் பாருங்க. நடக்கக்குள்ள கெண்டைத்தசை சுருங்கிச் சுருங்கி காலுல இருக்கிற ரத்தத்த மேல தள்ளும், நாளத்துக்குள்ள இருக்கிற சின்ன வால்வுகள் அது திரும்பக் கீழ இறங்காமப் பிடிச்சிருக்கும். ஒரே இடத்துல இருக்கக்குள்ள அந்தத் தசை வேலை செய்யாது, சீற்றிட விளிம்பும் தொடைக்குக் கீழ அமத்தும், ரத்தம் கீழ தேங்கி அதுல இருந்து தண்ணி கசிஞ்சு தோலுக்குக் கீழ நிக்கும். இது ரெண்டு காலுலயும் கிட்டத்தட்ட ஒரே அளவா வரும், கால உயத்தி வச்சுப் படுத்தா ஒரு இரவுல, மிஞ்சினா ரெண்டு நாளுல வத்திடும்.

பயணம் இல்லாம வீட்டுல இருக்கக்குள்ளயும் பின்னேரம் பின்னேரம் கால் வீங்குதென்டா வேற காரணம் இருக்கலாம். கணுக்காலுக்கு மேல எலும்புப் பக்கமா பெருவிரலால அஞ்சு செக்கன் அமத்திப் பாருங்க, விரல எடுத்த பிறகும் குழி நிண்டா அதுக்குள்ள தண்ணி நிக்குது என்டு அர்த்தம். இதயம், கிட்னி, ஈரல், எதுல பிழை இருந்தாலும் இப்பிடி வரலாம். குளிசையாலயும் வரும், கனபேருக்கு இது தெரியாது. எங்கட கிளினிக்குகள்ல பிரசருக்கு நிறையப் பேருக்குக் குடுக்கிற அம்லோடிப்பின் கரண்டையில வீக்கத்தக் கொண்டு வாற குளிசை. டைக்லோபெனாக் மாதிரி நோவுக் குளிசையும் உடம்புல தண்ணியப் பிடிச்சு வைக்கும். அதுக்காகப் பிரசர்க் குளிசைய நீங்களா நிப்பாட்டிடாதீங்க, அடுத்த கிளினிக்குல கால் வீங்குது என்டு வாயத் திறந்து சொல்லுங்க, மாத்துறதா அளவக் குறைக்கிறதா என்டு அவங்க பாப்பாங்க. வீட்டுல ஆரோ ஒராள்ட மிச்சமிருந்த மூத்திரம் போற குளிசைய பயணத்துக்கு முதல் நாள் விழுங்கிற பழக்கமும் எங்கட ஆக்கள்ட்ட இருக்கு, அது உப்புச் சத்தையும் தண்ணியையும் தாறுமாறாக் குறைச்சு தலைச்சுத்துல விழுத்தும், செய்யவே வேணாம்.

ஒரு கால் மட்டும் திடீரென்டு வீங்கி, கெண்டையில நோவும் சூடும் சிவப்பும் இருந்தா மேஸும் வேணாம் பயணமும் வேணாம், உடன ஆஸ்பத்திரிக்குப் போங்க, நாளத்துக்குள்ள ரத்தம் கட்டியா உறைஞ்சிருக்கலாம். அந்தக் கட்டி கழண்டு நுரையீரலுக்குப் போனா மூச்சு எடுக்க ஏலாமப் போகும், நெஞ்சு குத்தும், அப்பிடி என்டா ஒரு நிமிசமும் யோசிக்காம 1990க்கு அடிச்சு அம்புலன்ஸக் கூப்பிடுங்க, அதுக்குக் காசில்ல.

பயப்படுத்த இதச் சொல்லல்ல. உலக சுகாதார நிறுவனம் 2007ல வெளியிட்ட ஆய்வுல, நாலு மணித்தியாலத்துக்கு மேல அசையாம இருந்து பயணம் செஞ்சா இந்த ரத்தக்கட்டி வாற வாய்ப்பு கிட்டத்தட்ட ரெண்டு மடங்காகுது, ஆனா நல்ல சுகமா இருக்கிற ஆக்கள்ல அது 6000 பேருக்கு ஒராள் என்ட கணக்குத்தான் என்டு இருக்கு. பிளேன் மட்டுமில்ல, பஸ், ரெயின், கார் எல்லாத்துக்கும் சேத்துத்தான் இந்தக் கணக்கு. எங்கட கொழும்புப் பயணமே நாலு மணித்தியாலத்த எப்பவோ தாண்டிடும்.

மேஸ் போட்டா மெய்யாப் பிரயோசனம் இருக்கா என்டு கேக்கிற ஆக்களுக்கும் ஒரு கணக்கு இருக்கு. பிளேன் பயணிகள வச்சுச் செஞ்ச ஒன்பது ஆய்வுகளக் கொக்ரேன் என்ட மருத்துவ ஆய்வு அமைப்பு ஒண்டாச் சேத்துப் பாத்திச்சு. 2637 பேர்ல 50 பேருக்கு நோவு நொடி தெரியாத ரத்தக்கட்டி வந்திருந்திச்சு, அதுல 47 பேர் மேஸ் போடாத ஆக்கள், 3 பேர்தான் போட்ட ஆக்கள். வீக்கமும் போட்ட ஆக்களுக்குக் குறைவு.

ஆர் ஆர் டொக்டர்ட்ட கேக்காமப் போடக்கூடா

சீனி வருத்தம் கன வருசமா இருந்து பாதம் விறைச்சுப் போன ஆக்கள், கொஞ்சத் தூரம் நடந்தோடன கெண்டை இழுத்துப் பிடிச்சு நிண்டாத்தான் சுகப்படுற ஆக்கள், இதயம் சரியாப் பம்ப் பண்ணாத ஆக்கள், காலுல புண்ணோ கிருமி பிடிச்ச சிவப்போ இருக்கிற ஆக்கள். இவங்களுக்கு இறுக்கம் உதவிக்குப் பதிலா கெடுதல் செய்யலாம். நாடியில ரத்தம் ஏற்கனவே குறைவா வாற காலுக்கு மேல இறுக்கினா வாற கொஞ்சமும் நிண்டிடும், விறைச்ச காலுக்கு அது தெரியவும் தெரியாது.

அம்மாவ கிளினிக்குக்குக் கூட்டிப் போனப்ப டொக்டர் ரெண்டு பாதத்திட மேல்பக்கத்துலயும், பெருவிரல் நரம்புக்குக் கொஞ்சம் தள்ளி, ரெண்டு விரல வச்சுத் துடிப்புப் பாத்தார். பிறகு கணுக்கால் எலும்புக்குப் பின்னால. ரெண்டு இடத்துலயும் நல்லாத் துடிக்கிது, பயணத்துக்கு 15-20 இறுக்கமுள்ள மேஸ் போடலாம் என்டு சொன்னார், அந்த இலக்கம் என்ன என்டு கீழ வருது. ரெண்டு நிமிச வேலை. வயசான ஆக்களுக்கும் சீனி வருத்தக்காரருக்கும் இத ஒருக்காச் செஞ்சிட்டு வாங்குங்க.

முந்தி ரத்தக்கட்டி வந்த ஆக்கள், புற்றுநோய் மருந்து எடுக்கிற ஆக்கள், கிட்டடியில ஒப்பரேசன் செஞ்ச ஆக்கள், வயித்துல புள்ள இருக்கிற ஆக்கள், குடும்பக் கட்டுப்பாட்டுக் குளிசை எடுக்கிற ஆக்கள், நீங்களும் பயணத்துக்கு முதல் கேளுங்க. உங்கள்ல சிலருக்கு மேஸ் மட்டும் காணாது, ரத்தம் உறையாமத் தடுக்கிற ஊசியும் தேவைப்படலாம். அஸ்பிரின நீங்களா எடுக்க வேணாம்.

இறுக்கம் எவ்வளவு: பெட்டியில பாக்க வேண்டிய ஒரே இலக்கம்

கொம்பிரசன் மேஸ் கரண்டையிலதான் கூட இறுக்கும், மேல போகப் போக இறுக்கம் குறையும், அதாலதான் தண்ணி மேல தள்ளுப்படுது. மேலயும் கீழயும் ஒரே இறுக்கமா இருக்கிறது இந்த வேலைக்கு உதவாது. அந்தக் கரண்டை இறுக்கத்த மில்லிமீற்றர் மேர்க்குரியில எழுதுவாங்க, பிரசர் பாக்கிற மெசின்ல வாற அதே அளவுதான்.

பயண வீக்கத்துக்கு 15-20 என்டு எழுதினது போதும். 8-15 என்டு வாறது லேசானது, நாள் முழுக்க நிண்டு வேலை செய்ற ஆக்களுக்கு கால் அலுப்புக் குறையும், நீண்ட பயணத்துக்கு எண்டா நான் 15-20தான் சொல்லுவன். 20-30 என்டு இருக்கிறது வெரிக்கோஸ் நாளம் புடைச்ச ஆக்களுக்கும் முந்தி ரத்தக்கட்டி வந்த ஆக்களுக்கும் டொக்டர் எழுதிக் குடுக்கிறது, அத நீங்களாத் தெரிவு செய்ய வேணாம். கூட இறுக்கினா கூடச் சுகம் என்டு நினைக்கிறது பிழை, வயசான ஆக்களுக்கு அத இழுத்துப் போடவே ஏலாது, போடாம பேக்குக்குள்ளயே கிடக்கும்.

இன்னொரு சிக்கல் இருக்கு, அத நான் கனநாள் விளங்காம இருந்தன். சில பெட்டியில இலக்கம் இல்லாம கிளாஸ் 1, கிளாஸ் 2 என்டு மட்டும் இருக்கும். அது நாட்டுக்கு நாடு வேற. பிரித்தானிய முறையில கிளாஸ் 1 எண்டா 14-17, கிளாஸ் 2 எண்டா 18-24. ஜேர்மன் முறையில கிளாஸ் 1 எண்டாலே 18-21, கிளாஸ் 2 எண்டா 23-32. பிரான்ஸ் முறையில கிளாஸ் 1 எண்டா 10-15தான், 15-20 அங்க கிளாஸ் 2. எங்கட ஆக்களுக்கு லண்டன்ல இருந்து ஒராள், ஜேர்மனியில இருந்து ஒராள், பாரிஸ்ல இருந்து ஒராள் என்டு பார்சல் வரும், மூண்டுலயும் கிளாஸ் 2 என்டு இருந்தாலும் மூண்டும் மூண்டு இறுக்கம். அதால வெளிநாட்டுல இருக்கிற புள்ளைகள்ட்ட சொல்லி விடக்குள்ள கிளாஸச் சொல்லாதீங்க, 15-20 என்ட இலக்கத்தச் சொல்லுங்க. இலக்கமே இல்லாத பெட்டிய வாங்க வேணாம்.

எதெது வேற சாமான் என்டும் தெரிஞ்சிருக்க வேணும். ஒப்பரேசன் முடிஞ்சு ஆஸ்பத்திரியில வெள்ளையா ஒரு நீட்டு மேஸ் போட்டு விடுவாங்க, அது படுக்கையில கிடக்கிற ஆக்களுக்குச் செஞ்சது, எழும்பி இருந்து பயணம் செய்றதுக்கு இல்ல. வீட்டுல யாருக்கோ வாங்கினது சும்மா கிடக்கு என்டு எடுத்துப் போடாதீங்க. கிரேப் பேண்டேஜ் சுத்துறதும் வேணாம், கை பழகாதவங்க சுத்தினா ஒரு இடம் இறுகி ஒரு இடம் தளந்து, அம்மாட காலுல வந்த மாதிரி வளையம் விழும். விளையாட்டுக்காரர் போடுற பாதமில்லாத கெண்டை உறையும் பயணத்துக்குச் சரிவராது, வீக்கம் அப்பிடியே பாதத்துல போய் நிக்கும். செம்பு இழை போட்டது என்டு கூட விலைக்கு விக்கிறாங்க, வேலை செய்றது இறுக்கம்தான், செம்புக்குக் காசு குடுக்க வேணாம்.

அளவு எடுக்கிறது

இதுல கொஞ்சம் பொறுமையா இருங்க, எல்லாம் இதுலதான் இருக்கு. காலையில படுக்கையால எழும்பி அரை மணித்தியாலத்துக்குள்ள அளக்க வேணும், பின்னேரம் அளந்தா வீக்கத்தையும் சேத்து அளந்திடுவீங்க, வாற மேஸ் தொளதொள என்டு இருக்கும். கதிரையில இருந்து பாதம் ரெண்டும் நிலத்துல படிய, முழங்கால் செங்கோணமா மடிஞ்சு இருக்க வேணும். தையல் பெட்டிக்குள்ள இருக்கிற இஞ்சி டேப் போதும், அதுட மற்றப் பக்கம் சென்டிமீற்றர் இருக்கும், அதப் பாருங்க, பெட்டிகள்ல அனேகமா சென்டிமீற்றர்தான்.

முதல் அளவு கரண்டை. உள்பக்கம் துருத்திக்கிட்டு நிக்கிற எலும்புக்கு மேல, கால் ஆக மெலிஞ்சிருக்கிற இடம். டேப்பச் சுத்தி மேலயும் கீழயும் ஒருக்கா நகத்திப் பாருங்க, ஆகக் குறைஞ்ச இலக்கம் எங்க வருதோ அதான் இடம். டேப் தோலத் தொட்டுக்கிட்டு நிக்க வேணும், அமத்தக்கூடா. சட்டைக்கு அளவெடுக்கக்குள்ள நாங்க டேப்புக்குள்ள ஒரு விரல விட்டு எடுப்பம், இதுக்கு அப்பிடி விடக்கூடா, மேஸுக்குத் தளர்வு சேக்கிறதில்ல. ரெண்டாவது கெண்டை, ஆகப் பெருத்த இடம். மூண்டாவது, குதிக்குக் கீழ நிலத்துல இருந்து முழங்காலுக்குப் பின்னால இருக்கிற மடிப்பு மட்டும் உள்ள நீளம். மறுகா சப்பாத்து சைஸ். ரெண்டு காலையும் தனித்தனியா அளந்து எழுதுங்க, ஒண்டு மற்றதப் போலவே இருக்கும் என்டு நினைக்காதீங்க.

அம்மாட அளவு, கரண்டை 23, கெண்டை 41. வாங்க நினைச்ச பெட்டியில கரண்டை நடு சைஸுக்குள்ள விழுந்திச்சு, கெண்டை நடு சைஸத் தாண்டிப் போச்சு. இந்த இடத்துலதான் எல்லாரும் பெரிய சைஸ எடுக்கிறது. எடுத்தா கெண்டைக்குச் சரி, கரண்டையில தளந்திடும், வேலை செய்ய வேண்டிய இடமே கரண்டைதான். சைஸத் தெரிவு செய்றது கரண்டைய வச்சு. கெண்டை அதுக்குள்ள அடங்கல்லண்டா அதே கரண்டை சைஸுல கெண்டை அகலமா வாற ரகம் இருக்கு, அதக் கேளுங்க, இல்லண்டா வேற கொம்பனிட அட்டவணையப் பாருங்க, ஒவ்வொருத்தருக்கும் அட்டவணை வேற. கடையில போய் நிண்டு இப்பிடிக் கேளுங்க, "தம்பி, முழங்காலுக்குக் கீழ வாறது, 15-20, கரண்டை 23 கெண்டை 41, பெட்டியில இருக்கிற அட்டவணைய ஒருக்காக் காட்டுங்க." ரெண்டாவது தரம் நான் அப்பிடித்தான் கேட்டன். "அக்கா, இப்பிடி அளவோட வாற ஆக்கள் குறைவு" என்டு சொல்லி மூண்டு பெட்டிய எடுத்து வச்சுப் பொறுமையாப் பாத்துத் தந்தார் அந்தத் தம்பி.

ஆஸ்பத்திரிக்குக் கிட்ட இருக்கிற பெரிய பாமசி, சேர்ஜிகல் சாமான் விக்கிற கடை, இதுகள்ல கேட்டுப் பாருங்க. பயணத்துக்கு ரெண்டு கிழமைக்கு முதலே தேடத் தொடங்குங்க, உங்கட சைஸ் இல்லண்டா எடுப்பிக்க நாள் வேணும்.

நீளம், துணி, விரல்

பயணத்துக்கு முழங்காலுக்குக் கீழ வாறது போதும். தொடை மட்டும் வாறது எங்கட வெக்கைக்குள்ள வழுகி இறங்கும், கக்கூசுக்குப் போய் வாறதும் கரைச்சல்.

துணியில நைலோனும் லைக்கிராவும் சேந்த மெல்லிசான ரகம் வேர்வை கெதியாக் காயும். பருத்தி கூடச் சேந்தது தோலுக்கு மெதுவா இருக்கும், ஆனா மொத்தம், ஈரத்தப் பிடிச்சு வைக்கும். ஏசி பஸ், பிளேன் எண்டா பருத்தி சேந்தது பரவாயில்ல, ஏசி இல்லாத பஸ்ஸுல சித்திரை வைகாசி வெக்கைக்குள்ள போறதெண்டா மெல்லிசத்தான் எடுங்க. ரப்பர் ஒத்துக்கொள்ளாத ஆக்கள் லேட்டெக்ஸ் இல்லை என்டு எழுதி இருக்கா பாருங்க.

விரல் மூடினதா திறந்ததா என்டு கேட்டா, எங்கட ஊருக்கு நான் விரல் திறந்ததத்தான் விரும்புறன். செருப்போட போகலாம், விரல்ட நிறத்தக் கழட்டாமலே பாக்கலாம். அம்மாவுக்கு இன்னொரு காரணமும் இருந்திச்சு. மூடின மேஸுக்குள்ள மெட்டியோட விரலப் போட்டா அது பத்து மணித்தியாலமா பக்கத்து விரலுல அமத்திக்கிட்டே இருக்கும், கழட்டுங்க என்டு கேட்டன். "அப்பா போட்ட மெட்டிய பிளேனுக்காகக் கழட்டுறதா, ஏலாகா" என்டு ஒரே சொல்லுல முடிச்சிட்டா. விரல் திறந்தது அவவுக்குச் சரியா வந்திச்சு. கொலுச மட்டும் கழட்டிக் கைப்பைக்குள்ள வச்சா, அது மேஸுக்குக் கீழயும் கூடா மேலயும் கூடா.

காத்தான்குடியில இருந்து எனக்கிட்டத் தைக்க வாற ஒரு ராத்தா உம்றாவுக்குப் போகக்குள்ள இதே மேஸத்தான் வாங்கினவ. தொழுகைக்கு முதல் கை கால் கழுவுற ஒவ்வொரு வுழுவுக்கும் கழட்டிப் போடுறது பெரிய வேலை, விரல் திறந்ததுக்கு என்ன சட்டம், பயணத்துல தொழுகையச் சேத்துத் தொழுறதா என்டதெல்லாம் முதலே மௌலவிட்ட கேட்டுத் தெளிஞ்சிட்டுத்தான் போனவ. அப்பிடிப் போற ஆக்கள் கழட்டிப் போட லேசான ரகமாத் தெரிவு செய்யுங்க.

போடுறது

பயணத்து அண்டைக்கு முதல் முதலாப் போடக்கூடா. ஒரு கிழமைக்கு முதல் வீட்டுல ரெண்டு மூண்டு மணித்தியாலம் போட்டுப் பழகுங்க, எங்க கடிக்குது எங்க சுருளுது என்டு அப்பவே தெரிஞ்சிடும், கடை மாத்தித் தரவும் நாள் இருக்கும்.

நகத்த வெட்டுங்க, மோதிரத்தக் கழட்டுங்க. காலுல எண்ணெய் கிரீம் பூசினோடன போட வேணாம், தேங்காய் எண்ணெய் மேஸுட இழுவையக் கெடுக்கும். கைக்கு ரப்பர் உறை, பாத்திரம் கழுவுறது போதும், அதப் போட்டா நகம் கீறாது, பிடியும் நல்லா வரும்.

மேஸுக்குள்ள கைய விட்டு குதி வாற இடத்தப் பிடிச்சு உள்பக்கம் வெளியா இழுத்துப் புரட்டுங்க, பாதம் வாற பகுதி மட்டும் உள்ளுக்குள்ள மடிஞ்சு நிக்க வேணும். அதுக்குள்ள பாதத்த விட்டு குதிய குதி இடத்துல சரியா வையுங்க, குதி தள்ளிப் போனா மேல எல்லாமே தள்ளிப் போகும். பிறகு மிச்சத்தக் கொஞ்சம் கொஞ்சமாப் புரட்டிக் கெண்டைக்கு மேல ஏத்துங்க, மேல் விளிம்பப் பிடிச்சு ஒரேயடியா இழுக்கக்கூடா. விரல் திறந்த ரகத்துக்கு ஒரு சுகமான வழி இருக்கு. பாதத்துல ஒரு மெல்லிசான சொப்பிங் பேக்க மாட்டுங்க, மேஸ் அதுக்கு மேல வழுகி ஏறிடும், ஏறினோடன விரல் பக்கத்தால பேக்க இழுத்து எடுங்க. அம்மா இப்ப ஒருத்தர்ட உதவியும் இல்லாம இப்பிடித்தான் போடுறா.

மேல் விளிம்பு முழங்கால் மடிப்புக்கு ரெண்டு விரல் கீழ நிக்க வேணும். நீளம் கூடிப் போச்செண்டா மடிக்கக்கூடா, மடிச்சா அந்த இடத்துல இறுக்கம் ரெண்டு மடங்கு. கீழ கொஞ்சம் கொஞ்சமாப் பரத்தி விடுங்க, அப்பிடியும் அடங்கல்லண்டா அந்த நீளம் உங்களுக்கு இல்ல. உள்ளங்கையால கரண்டையில இருந்து மேல தடவி ஒரு சுருக்கமும் இல்லாமச் செய்யுங்க.

பத்து நிமிசத்துக்குப் பிறகு விரலப் பாருங்க. பெருவிரல் நகத்த அமத்தி விட்டா ரெண்டு செக்கனுக்குள்ள திரும்பச் சிவக்க வேணும். விரல் நீலம் பாஞ்சாலோ, விறைச்சாலோ, ஊசி குத்தின மாதிரி இருந்தாலோ, நோவு வந்தாலோ உடன கழட்டுங்க, பழகினாச் சரி என்டு பொறுக்க வேணாம்.

எப்ப போட்டு எப்ப கழட்டுற

கனபேர் விடுற பிழை இதுலதான். ஏர்போட்டுல போய், இல்லாட்டி பிளேனுக்குள்ள ஏறின பிறகு போடுற. எங்கட ஆக்களுக்கு அதுக்குள்ளயே பஸ்ஸுல எட்டு மணித்தியாலம் போயிருக்கும், கால் வீங்கின பிறகு போடுற மேஸ் ஏறவும் மாட்டுது, ஏறினா கண்டபடி இறுக்குது. அம்மாட பயணம் வீட்டுப் படிய விட்டு இறங்கி தம்பிட வீட்டுக் கதவு மட்டும் கிட்டத்தட்ட 30 மணித்தியாலம், அதுல பிளேன் 11 மணித்தியாலம்தான். அதால வீட்டுலயே, வெளிக்கிட முதல், கொஞ்ச நேரம் கால உயத்தி வச்சுப் படுத்துட்டுப் போடுங்க. இடையில கொழும்புல சொந்தக்காரர் வீட்டுல நீட்டி நிமிந்து படுக்கக் கிடைச்சா கழட்டிடுங்க, தோலப் பாருங்க, திரும்பப் புறப்பட முதல் போடுங்க. சீற்றுல இருந்தபடி நித்திரை கொள்றதெண்டா கழட்டக்கூடா.

மேஸ் போட்டாச்சு என்டு அசையாம இருக்கவும் கூடா. அரை மணித்தியாலத்துக்கு ஒருக்கா குதிய உயத்தி விரல ஊண்டி, மறுகா விரல உயத்தி குதிய ஊண்டி, இருபது தரம். பஸ் ஹபரணை தம்புள்ளப் பக்கம் தேத்தண்ணிக்கு நிக்கக்குள்ள நித்திரையா இருந்தாலும் எழும்பி இறங்கி அஞ்சு நிமிசம் நடங்க, அந்த நடையில கெண்டைத்தசை செய்ற வேலைய எந்த மேஸும் செய்யாது. காலுக்குக் கீழ பேக்க வச்சு அடைக்காதீங்க, மேல போடுங்க. கால் மேல கால் போடாதீங்க. ஏலுமெண்டா ரெயின்ல போங்க, உதயதேவியில எழும்பி நடக்கலாம், கால நீட்டலாம். பிளேன்ல நடைபாதைப் பக்கத்து சீற்றக் கேட்டு எடுங்க. கக்கூசுக்குப் பயந்து தண்ணி குடிக்காம வாறது எங்கட அம்மாக்கள்ட பழக்கம், அது கூடா, கொஞ்சம் கொஞ்சமாக் குடியுங்க. உப்புக் கூடின ரோல்ஸ், மிக்சர், ஊறுகாய் அண்டைக்கு ஒரு நாளைக்குக் குறையுங்க. நித்திரைக் குளிசை எடுத்துட்டு ஒரே கோணத்துல கிடக்கவும் வேணாம்.

போய்ச் சேந்தோடன கழட்டி, கால நெஞ்சு மட்டத்துக்கு தலகணியில உயத்தி வச்சு அரை மணித்தியாலம் படுங்க. ரெண்டு காலையும் பக்கத்துல வச்சுப் பாருங்க. மேல சொன்ன ரத்தக்கட்டி பயணம் முடிஞ்சு நாலு கிழமை வரைக்கும் கூட வரலாம், அதுக்குள்ள ஒரு கால் மட்டும் வீங்கினாலோ மூச்சு முட்டினாலோ அங்க டொக்டர்ட்ட காட்டக்குள்ள நீண்ட பயணம் வந்தனான் என்டு மறக்காமச் சொல்லுங்க. அம்மாவுக்கு ஹீத்ரோவுல இறங்கக்குள்ள லேசாப் பாதம் மட்டும் ஊதி இருந்திச்சாம், செருப்பு சுகமாப் போச்சாம், போன் எடுத்து முதல்ல சொன்னது அதான்.

கழுவுறது, மாத்துறது

கையால, சாதாரண தண்ணியில, லேசான சவக்காரத்துல கழுவுங்க. முறுக்கிப் பிழிய வேணாம், துவாயில சுத்தி அமத்தித் தண்ணிய எடுத்துட்டு நிழல்ல போடுங்க, எங்கட வெயில்ல கொடியில போட்டா இழுவை செத்துடும். பிளீச்சும் வேணாம், அயனும் வேணாம். போய் வர ரெண்டு சோடி இருந்தா நல்லம். நாளாந்தம் போடுற ஆக்களுக்கு மூண்டுல இருந்து ஆறு மாசத்துக்குள்ள இறுக்கம் போயிடும், பயணத்துக்கு மட்டும் போடுறது கூட நாள் நிக்கும், ஆனா போடக்குள்ள முந்தினதவிட லேசா ஏறுது என்டா, இல்லாட்டி கழட்டினா கரண்டைப் பகுதி பழைய வடிவத்துக்குச் சுருங்காம நிக்குது என்டா அது முடிஞ்சுது.

அம்மா இந்த வருசம் மாசியில திரும்பவும் போறா. பழைய சோடி நல்லாத்தான் கிடக்கு, ஆனா போன கிழமை காலையில எழும்பினோடன திரும்ப அளந்து பாத்தன். கிளினிக்குல பிரசர்க் குளிசைய மாத்தின பிறகு கரண்டை 23ல இருந்து 21க்கு வந்திருக்கு. அந்தப் பெட்டிட அட்டவணையில 21 சின்ன சைஸுக்குள்ள விழுகுது, அதால புதுச் சோடிக்குச் சொல்லி வச்சிருக்கன்.